இலைக்கு முன்னால் ஞானாபரணம் உபதேசியார்

அருமனைப் பக்கமிருந்து ஆள் வந்தபோது நான் முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். வந்தவர் குடையைக்கூட மடக்கவில்லை. "பைபிளம்மா, நம்ம ஞானாபரணம் உபதேசியாரு இன்னைக்குக் காலத்தே போயிட்டாரு" என்றார். எனக்குக் கையிலிருந்த செம்பு நழுவியது. அதை எடுத்து நிமிர்வதற்குள் அவரே அடுத்ததையும் சொன்னார்: "கடைசியா என்னத்தத் தின்னாருன்னு தெரியல்ல. பாவம், நல்லாத் தின்னுத மனுஷன்." அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் இதை எழுதும் இன்றுவரை தீரவில்லை.

அடக்கத்துக்குப் போகும் வழியெல்லாம் இதே பேச்சு. ரப்பர் தோட்டத்து வேலியோரம் நின்ற பெண்கள், சாயாக்கடை வாசலில் இருந்த ஆண்கள், எல்லாரும் உபதேசியார் எந்த வீட்டில் எத்தனை ஆப்பம் தின்றார் என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். சரி, பாமர ஜனங்கள் என்று பொறுத்துக்கொண்டேன். கல்லறையில் நின்று போதகர் ஐயரும் அதையே பேசினார். "கொடுத்ததையெல்லாம் மனநிறைவோடு உண்டு வீடுகளை ஆசீர்வதித்த குழந்தை உள்ளம்" என்றார். கூட்டம் தலையாட்டியது. உபதேசியாரின் மனைவி எஸ்தரக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். மண் போட்டு முடிந்ததும் என் காதில், "இவருக்க கஷ்டம் ஒருத்தருக்கும் தெரியாமலே போச்சுதே, ரூத்து" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். ஐயர் கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை. சபைப் பத்திரிகையில் இடம் இல்லையென்றால் கையால் எழுதி வீடு வீடாகக் கொடுப்பேன். எப்படியும் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவதுதானே என் வேலை.

அவரை அறிந்த சபையாரே, நீங்கள் அவரை அறிந்தது இலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து. நான் பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவள். நான் விதவையாகி இந்த வேலைக்கு வந்த புதிதில் என்னை அவரோடுதான் அனுப்பினார்கள். ஆண்களிடம் அவர் பேசுவார், அடுக்களையில் பெண்களிடம் நான் பேசுவேன், முடிவில் சேர்ந்து ஜெபம். அதன்பிறகு இலை. முதல் நாளே ஒரு முற்பகலில் ஐந்து வீட்டுக்குப் போனோம், ஐந்து வீட்டிலும் சாப்பிட்டார். ஒரு வீட்டில் புட்டும் பயறும், அடுத்த வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், இன்னொரு வீட்டில் சக்கைப்பழமும் கருப்பட்டிக் காப்பியும். ஐந்தாவது வீட்டில் எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவர் இலையை வழித்துக்கொண்டிருந்தார். வழியில் கேட்டேன், "உபதேசியாரே, ஒரு வீட்டிலாவது வேண்டாம்னு சொல்லப்படாதா?" அவர் சிரித்தார். "வேண்டாம்னு சொன்னா வீட்டுக்காரிக்க மொகம் வாடிப்போவும், ரூத்தம்மா. நாம வந்தது மொகத்தை வாடப்பண்ணவா?" நானும் அதை நம்பினேன். உபசாரத்துக்குக் கட்டுப்பட்ட நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அது முழு உண்மையில்லை என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, மறந்து வைத்த என் கண்ணாடியை எடுக்க ஆலயத்துக்குத் திரும்பினேன். பின்கட்டு அறையில் அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முந்திரிக்கொத்துத் தின்றுகொண்டிருந்தார். ஒன்றை மென்று முடிக்கும் முன் அடுத்தது வாயில். யாரோ கல்யாண வீட்டிலிருந்து வந்த பொதி அது, பாதிக்குமேல் காலி. முகத்தில் ருசியின் அடையாளமே இல்லை. வேண்டாத வேலையைச் சீக்கிரம் முடிக்கிறவரின் முகம். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "பசியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? "பசியில்ல ரூத்தம்மா. பசின்னா ஒரு இடத்துல தீந்துபோவும். இது தீராது. போதும்னு ஒரு சொல்லு உண்டே, அது எனக்க உள்ளிலிருந்து வராது. நானும் எவ்வளவோ கேட்டுப் பாத்தாச்சு ஆண்டவருகிட்ட" என்றார்.

அதன்பிறகுதான் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. ஐயர் வந்து அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் இராப்போஜன ஞாயிறுகளில் உபதேசியார்தான் மேசை விரிப்பை விரிப்பார், அப்பத்தைத் துண்டாக்குவார், கிண்ணத்தைத் துடைத்து வைப்பார். சபையார் எழுந்து அந்த மேசைக்குப் போகும் நேரத்தில் மட்டும் ஆளைக் காணமுடியாது. வெளியே சத்தம் போடும் பிள்ளைகளை அடக்கப் போயிருப்பார், அல்லது மணிக்கயிற்றைச் சரிபார்க்கப் போயிருப்பார். சபை முழுவதும் இதைப் பொறுப்புணர்ச்சி என்று புகழ்ந்தது! நான் விடவில்லை, நேராகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "மத்தவனுக்க குடியையும் சூதையும் கண்டிச்சுப் பேசுத வாய் இது. வயித்தைத் தெய்வமாக்கிக் கும்பிட்டுட்டு எந்தக் கையை நீட்டுவேன்? இது மாறட்டும். மாறின அண்ணைக்குப் போவேன்" என்றார். எத்தனை வருஷமாக இப்படி என்று கேட்டேன். மணிக்கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டார். எஸ்தரக்கா பிறகு சொன்னாள், அவர்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தானாம்.

நீங்கள் அவர் தின்ற ஆப்பத்தை எண்ணிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த மனுஷன் ஆண்டவருடைய பந்திக்கு வெளியே நின்றார். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பிறகு காலில் முள் குத்தியது. சின்ன முள்தான், ஆனால் புண் ஆறவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் மூத்திரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு நீரிழிவு என்றார். சோற்றைப் பாதியாக்கு, மரச்சீனியைக் குறை, கருப்பட்டியைத் தொடாதே, தொட்டால் இன்றைக்கு விரல், நாளைக்குக் கால் என்று முகத்துக்கு நேரே சொன்னார். உபதேசியார் பயந்துபோய் உபவாசத்தில் இறங்கினார். வெள்ளிக்கிழமை முழுப்பட்டினி. பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் தொடமாட்டார். சனிக்கிழமை விடிந்தால் இரண்டு நாளைக்கு உள்ளதையும் சேர்த்துத் தின்பார். எஸ்தரக்கா பானையை ஒளித்துவைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஜெபம் பண்ணப் போவார், அங்கே என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. "வெள்ளிக்கிழமை ஆண்டவருக்கு, சனிக்கிழமை சாத்தானுக்கா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அடுத்த வாரம் வெள்ளியும் சனியும் சேர்த்து உபவாசம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் சபையார் முன்னால் அறிக்கையிட்டால் ஒருவேளை விடுதலை கிடைக்கும் என்று முடிவு செய்தார். சாட்சிக் கூட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குடியை விட்டவர், மந்திரவாதத்தை விட்டவர் எல்லாரும் எழுந்து பேசியபின் உபதேசியார் எழுந்தார். புண்காலுக்குத் தடி ஊன்றியிருந்தார். "சகோதரரே, எனக்கப் பாவம் குடியில்ல, சூதில்ல. தீனிப் பாவம். ஆளில்லாத இடத்துல ஒளிச்சுநின்னு தின்னுதேன். வயிறு நிறைஞ்ச பெறவும் தின்னுதேன். எனக்காக ஜெபம் பண்ணணும்" என்று சொல்லிவிட்டு அழுதார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்லமுடியும்?

ஆலயம் முழுவதும் விம்மியது. நானும் விம்மினேன், இன்றைக்குத்தான் வெளிச்சம் பிறந்தது என்று. பிறகு சபை மூப்பர் செல்லையா எழுந்து பேசினார். "சபையாரே, நமக்கு வெக்கமில்லியா? நமக்க உபதேசியாரு ஒளிச்சுநின்னு தின்னுத நெலைக்கு வந்தாச்சு. ஒரு மனுஷன் என்னத்துக்கு ஒளிச்சுத் தின்னுவான்? வீட்டுல இல்லாததுனாலதானே? மானத்தோட சொல்ல முடியாம அதைப் பாவம்னு சொல்லுதாரு!" என்றார். சோறு வைக்கும்போதெல்லாம் நம் பெண்கள் ஆலயத்துக்கென்று ஒரு கை எடுத்துவைக்கிறார்களே, அந்தப் பிடியரிசி முழுவதும் இனி உபதேசியார் வீட்டுக்கு என்று அங்கேயே தீர்மானமாயிற்று. போதாததற்கு வீட்டுமுறை வைத்து ராத்திரிச் சாப்பாடும் அனுப்புவதாயிற்று. நான் எழுந்து கத்தினேன். "அவரு சொன்னது அதில்ல! அவருக்குக் கூடிப்போச்சுதுன்னு சொல்லுதாரு!" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "கூடிப்போன சோத்தை ஆரும் பாவம்னு சொல்லுவாவளா, பிள்ளே? சோறில்லாததுதான் பாவம்" என்றார். எல்லாரும் அவர் பக்கம்.

அந்தக் கிழவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. காய்ந்த இலையையும் காட்டுக்கிழங்கையும் வேகவைத்துத் தின்று பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் நாமெல்லாரும். நிறைந்த வயிற்றைக் கண்டால் நமக்கு ஸ்தோத்திரம்தான் வரும். அதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்ய? மறுநாள் முதல் அந்த வீட்டுக்கு வரிசையாகச் சட்டி வந்தது. அவியல், எரிசேரி, தேங்காய்ப்பட்டணத்து மீன், நெய்யப்பம். கொண்டுவந்தவள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். அந்த மனுஷனும் ஒன்று விடாமல் தின்றார்! புண் பழுத்து, ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே நின்று நான் போட்ட சண்டையை அடுத்த கட்டில்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுத வாயில ஒரு 'போதும்' வரக்கூடாதா?" என்றேன். "பிசாசை வெரட்டச் சொல்லு, வெரட்டுதேன். சட்டியும் தூக்கிட்டு வெயில்ல நடந்து வாறவளை எப்பிடி வெரட்டுவேன், ரூத்தம்மா?" என்றார். எனக்குப் புரிந்தது. கோபம் மட்டும் போகவில்லை.

விரல் போன பிறகுதான் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நம் வீடுகளில் சாப்பாட்டின் முடிவில் ஸ்தோத்திர ஜெபம் செய்து ஆமென் சொல்லிவிட்டால் அதற்குமேல் இலையில் பரிமாறமாட்டோம். அந்த வழக்கத்தை அவர் வேலியாக்கினார். முதல் தடவை வைத்ததைத் தின்று முடித்ததும், கரண்டி இரண்டாவது தடவை வருமுன் சட்டென்று கண்ணை மூடி, "பரம பிதாவே" என்று தொடங்கிவிடுவார். வேண்டாம் என்று சொல்லவும் வேண்டியதில்லை, முகம் வாடவும் இடமில்லை. எனக்கே அதிசயமாக இருந்தது. ஆனால் நம் பெண்களை அவர் குறைவாக எடைபோட்டுவிட்டார். முதல் வீட்டிலேயே, இவர் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருக்க, வீட்டுக்காரி சத்தமில்லாமல் வந்து ஒரு முழுக் குழல் புட்டை இலையில் வைத்துவிட்டுப் போய்க் கைகூப்பி நின்றாள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இலை நிறைந்திருந்தது. "ஜெபம் முடியதுக்கு முன்னாடி வச்சாச்சு, உபதேசியாரே. தின்னுங்க" என்றாள் அவள். அவர் என்னைப் பார்த்தார். தின்றார்.

வழியில் என்னிடம் கேட்டார், "நான் ஜெபம் பண்ணும்போ நீ கண்ணைத் திறந்துட்டு எனக்க இலைக்கு மேல கையை வச்சுக்கிடுவியா?" அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அதுதான் என் ஊழியம். ஊரெல்லாம் தலைகுனிந்து கண்மூடியிருக்க, வேதம் வாசிக்கிறவள் நான் மட்டும் ஆந்தைபோல விழித்துக்கொண்டு மற்றவர் இலைமேல் கையை விரித்து உட்கார்ந்திருப்பேன். "பைபிளம்மாவுக்கு ஜெபத்துல கவனமில்ல" என்று நீங்கள் பேசினது என் காதுக்கு வராமல் இல்லை. ஒருத்தி என் கையையும் பாராமல் கரண்டியைச் சாய்த்தாள், கொதிக்கிற மீன்கறி என் புறங்கையில் விழுந்தது. உபதேசியார் கண்ணை மூடியபடியே, "உமது அடியாளுக்குப் பொறுமையைத் தாரும் பிதாவே" என்று ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். எனக்கு இலையோடு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

இப்படியே அவர் உடம்பு கொஞ்சம் தேறியது, புண் காய்ந்தது. இந்தமுறை மேசைக்குப் போவார் என்று நான் உள்ளுக்குள் காத்திருந்தேன். அப்போது ஆலயத்தில் அசனம் வந்தது. வருஷத்தில் ஒருநாள் சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. பரிமாறும் வேலையில் நான் மாட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்க்கும்போது உபதேசியார் மூன்றாவது பந்தியிலும் உட்கார்ந்திருந்தார். முதல் பந்தியிலிருந்தே எழும்பவில்லையாம். அந்தப் பழைய முகம். பேசாமல் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். இனி ஒரு வாரம் உபவாசம் என்பார், நானும் நாலு வார்த்தை கேட்பேன் என்று தயாராக நின்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நேத்து விழுந்தேன். இன்னைக்குக் காலத்தே அளவாக் கஞ்சி குடிச்சேன். பட்டினி கெடக்கல்ல. விழுந்ததுக்கெல்லாம் எனக்கு நானே தண்டனை போட்டுத்தான் இவ்வளவு காலமும் கெட்டேன், ரூத்தம்மா. தண்டனையை ஒருத்தர் ஏற்கெனவே சிலுவையில வாங்கியாச்சு. எனக்குள்ள வேலை அடுத்த நேரம் அளவாத் தின்னுதது மட்டும்தான்." இவ்வளவு லேசாகவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கையைச் சுட்டுக்கொண்டு காத்த இலையல்லவா!

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்தார். விரிப்பை விரித்து, அப்பத்தைத் துண்டாக்கி வைத்த உபதேசியார் வெளியே போகவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, ஒரு விரல் போன காலை இழுத்து இழுத்து, சபையாரோடு வரிசையில் போய் முழங்கால் போட்டார். எஸ்தரக்கா முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். உங்களில் யாராவது கவனித்தீர்களா? இல்லை. செல்லையா மூப்பர் அன்றைக்கு, "வெளிய பிள்ளைகளை ஆரு பாக்கது?" என்று முணுமுணுத்தது மட்டும் எனக்குக் கேட்டது. ஆராதனை முடிந்தபின் அவரிடம், "மாறினபெறவு போவேன்னு சொன்னீங்களே, அசனத்துல தின்னது இன்னும் செரிச்சிருக்காதே" என்றேன். என் நாக்கு அப்படிப்பட்டது. அவர் கோபிக்கவில்லை. "செயிச்சவனுக்கு மட்டும்தான் அந்த மேசைன்னா ஐயருகூட அங்க நிக்க முடியாது" என்றார். அதன்பிறகு ஒரு இராப்போஜனத்தையும் அவர் விட்டதில்லை. விழுவதும் நின்றுவிடவில்லை. ஆனால் விழுகைக்கும் விழுகைக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

போன மாதம் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அந்தப் பெரிய உடம்பு பாயோடு ஒட்டிக்கிடந்தது. எஸ்தரக்கா கஞ்சியில் தேங்காய்த் துவையலைக் கரைத்துக் கொடுத்தாள். நாலைந்து கரண்டி குடித்தார். கழுத்து எலும்பும் தோலுமாக இருந்தது. கிண்ணத்தை எஸ்தரக்காவிடமிருந்து நான் வாங்கி, கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனேன். "போதும், ரூத்தம்மா" என்றார்.

ஜெபத்துக்குள் ஒளிந்துகொள்ளவில்லை, கண்ணை மூடவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு ஸ்தோத்திரம் பண்ணவேண்டியவள் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரே ஒரு வாய், உபதேசியாரே. எனக்காக" என்று கெஞ்சினேன். என் முகம் வாடியிருக்கவேண்டும். அவர் அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். "நீயுமா?" என்றார். வாயைத் திறக்கவில்லை.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் 'போதும்' ஒன்றுதான்.